உறைக்குள் நிற்கும் ஃபியட்

பாதியில் நின்றுபோன பழைய வாகனங்களைப் பற்றி மும்பை வாசகர்கள் நால்வரிடமிருந்து இம்முறை கடிதங்கள் வந்துள்ளன. முதல் கடிதத்துக்கு நீளமாகவே பதில் எழுதுகிறேன். மற்ற மூவருக்கும் வேண்டிய விடையில் ஒரு பகுதி அதிலேயே இருக்கிறது.

கேள்வி: என் அப்பா வைத்திருந்த 1969-ஆம் ஆண்டு ஃபியட் 1100 டிலைட் கார், 2005 ஜூலை 26 வெள்ளத்தில் கண்ணாடி மட்டம் வரை மூழ்கியது. அப்பா காலமான பிறகு, 2014-இல், அதை முழுமையாகச் சீரமைக்கத் தொடங்கினேன். டிங்கரிங் செய்தவர் பாதி வேலையில் பட்டறையை மூடிவிட்டதால், பிரைமர் அடித்த பாடியை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சக்கரங்கள் திரும்புவதில்லை. போரிங் செய்த, அதாவது சிலிண்டர் துளைகளைக் கடைந்து சீராக்கிய, எஞ்சின் பிளாக் ஸ்டோர் ரூமில் இருக்கிறது. மற்ற பாகங்கள் ஆறு அட்டைப்பெட்டிகளில் கிடக்கின்றன. ஞாயிறுதோறும் கீழே போய் உறையைத் தூக்கிப் பார்க்கிறேன், பத்து நிமிடம் நிற்கிறேன், மூடிவிட்டு வருகிறேன். காரை அப்புறப்படுத்தும்படி எங்கள் குடியிருப்புச் சொசைட்டியிலிருந்து இரண்டாவது கடிதமும் வந்துவிட்டது. பணம் ஓரளவு இருக்கிறது, மனம்தான் எழவில்லை. என்ன செய்வது?
– வாசகர், செம்பூர்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தப் பத்து நிமிடம்தான். இத்தனை ஆண்டுகளாக ஞாயிறு தவறாமல் கீழே இறங்கிப் போகிறவருக்கு ஆர்வம் வற்றிவிட்டது என்று நான் நம்பவில்லை. வற்றியிருந்தால் எப்போதோ பழைய இரும்பு வாங்கும் பங்கார்க்காரரைக் கூப்பிட்டு எடைக்குப் போட்டிருப்பீர்கள். உறையைத் தூக்கியதும் பாடி, எஞ்சின், ஒயரிங், சீட்டு, குரோம், கண்ணாடி, ஆர்.டி.ஓ. காகிதங்கள் என்று ஒரு காரின் எல்லா வேலையும் ஒரே நேரத்தில் உங்கள் முன் வந்து நிற்கிறது. அத்தனையையும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திரும்பி வருகிறீர்கள்.

இதை அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என்னுடைய 1976-ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி ஆறு ஆண்டுகள் அசையாமல் நின்றது. கேட்பவர்களிடமெல்லாம் ஸ்பேர் கிடைக்கவில்லை என்று சொல்லிவந்தேன். நானும் அதையே நம்பினேன். ஒரு நாள் மாலை ஒரு தாளை எடுத்து, அந்த வண்டியில் கடைசியாகக் கைவைத்த அன்று என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்து எழுதியபோதுதான் உண்மை தெரிந்தது. எஞ்சின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றும்போது அதைப் பிடித்திருந்த ஸ்டட்களில், அதாவது தலையில்லாத போல்ட்டுகளில், ஒன்று சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே உடைந்துபோயிருந்தது. இந்த எஞ்சினில் ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. துளைபோட்டு எடுக்கப் போனால் டிரில் இரும்பிலிருந்து வழுக்கி, பக்கத்திலுள்ள மெத்தென்ற அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று பயந்து ஸ்பானரைக் கீழே வைத்தேன். அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

மறுநாள் ஹெட்டைக் கழற்றிக் குர்லாவில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த பெரியவர் அதைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. உடைந்து நின்ற ஸ்டட்டின் முனைமேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் துளை வழியாகவே வெல்டிங் செய்தார். வெல்டிங் இரும்போடு ஒட்டுமே தவிர அலுமினியத்தோடு ஒட்டாது. அந்தச் சூட்டில் ஸ்டட்டைப் பிடித்திருந்த துருவும் விட்டுக்கொடுக்கும். சிவப்பு அடங்கியதும் நட்டில் ஸ்பானரைப் போட்டு, இந்தப் பக்கம் ஒரு நூல், அந்தப் பக்கம் ஒரு நூல் என்று அசைத்தார். மெல்லிய ஒரு கிறீச் சத்தம் கேட்டது. பிறகு அது சாதாரண போல்ட்டைப் போலச் சுழன்று வெளியே வந்தது. மொத்தம் நாற்பது நிமிடம் ஆயிற்று. என் சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இல்லாத அந்த இரும்புத் துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகு நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே, எப்போது முடிப்பது என்ற கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்கள் கார் எந்த வேலையில் நின்றது என்பதற்கு ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். நின்ற வண்டிகள் அனைத்தும் ஏதோ ஒரு குறிப்பிட்ட வேலையின் முன்னால்தான் நிற்கின்றன. பெரும்பாலும் அது பயமோ சந்தேகமோ தரும் வேலையாக இருக்கும். உங்கள் கடிதத்தை இருமுறை படித்ததில் எனக்குத் தோன்றுவது இது: முடிக்காமல் போனவரின் டிங்கரிங் வேலை நம்பத்தகுந்ததா என்பது உங்களுக்குத் தெரியவில்லை. நம்பிக்கையில்லாத பாடியில் எஞ்சினை ஏற்றவும் மனம் வராது, பெயின்ட் அடிக்கவும் மனம் வராது. அந்தச் சந்தேகத்தை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்துக்கொள்ளலாம்.

ஒரு ஸ்கிரேப்பரும் டார்ச்சும் ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவரும் எடுத்துக்கொண்டு போங்கள். கதவின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவின் உட்புறம், டிக்கியின் தரை ஆகிய மூன்று இடங்களில் இரண்டு அங்குல அளவுக்குப் பிரைமரைச் சுரண்டிப் பாருங்கள். அடியில் தகடு வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தால் நல்லது. மிளகைத் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் இருந்தால், பிரைமர் முழுவதையும் நீக்கித்தான் ஆக வேண்டும். பட்டறைகளில் வழக்கமாக அடிக்கும் சாம்பல் நிறப் பிரைமர் ஈரத்தைத் தடுக்காது, பஞ்சுபோல உறிஞ்சும். மேலே பெயின்ட் ஏறும் வரையிலான சில நாட்களுக்கு மட்டுமே அது தாங்கும். மும்பையின் இத்தனை மழைக்காலங்களைக் கடந்த பிரைமரின் மேல் பெயின்ட் அடித்தால் ஓராண்டுக்குள் கொப்புளம் வெடிக்கும். இது வருத்தமான செய்தி என்று தெரியும். ஆயினும் சந்தேகத்தோடு ஆண்டுக்கணக்கில் நிற்பதைவிடத் தெரிந்துகொண்டு நிற்பது மேல்.

அடுத்து, கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் ஓடும் பெட்டிப் பகுதியைப் பாருங்கள். ஃபியட் 1100-க்குத் தனிச் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே சேசிஸ் என்பதால் காரின் பலத்தில் பெரும்பங்கு அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது. 2005 வெள்ளத்தின்போது ஒரே நாளில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. வெள்ளத்தோடு வந்த வண்டல் அந்தப் பெட்டிக்குள் தங்கி, ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடியிலுள்ள வடிகால் துளைகளில் ஸ்க்ரூடிரைவரை விட்டுக் கிளறுங்கள். காய்ந்த மண் கொட்டினால், முன்பு டிங்கரிங் செய்தவர் உள்ளே பார்க்காமல் வெளியே மட்டும் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பார்த்திருக்கிறார் என்று பொருள். ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் பட்டி கனமாக இருக்கும் இடத்தில் அது ஒட்டாது.

விடை எதுவாக இருந்தாலும் பாடி வேலையை உடனே தொடங்காதீர்கள். அழகு வேலையை முதலில் எடுத்துக்கொண்டவர்களின் வண்டிகள்தான் அதிகமாக நின்றுபோகின்றன என்பது நான் பார்த்தவரையில் உறுதியான கருத்து. பெயின்ட் வேலை பணத்தை விழுங்கும்; முடிந்த பிறகும் வண்டி ஓர் அடி நகராது. முதலில் பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது என்பதால் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து இறுகியிருக்கும். அவற்றைக் கழற்றி, உள்சுவர் வழவழப்பாக இருந்தால் ரப்பர் கிட் மட்டும் போடுங்கள். குழி விழுந்திருந்தால் சிலிண்டரையே மாற்றிவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்கும் ரப்பர் ஹோஸ்களுக்கும் இதே முறைதான். டயர் பூக்கள் தேய்ந்திருக்காது, ஆனால் ரப்பர் செத்திருக்கும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும், பார்த்துவிட்டு மாற்றுங்கள். சக்கரம் திரும்பி, பிரேக் பிடித்து, நீங்களும் பக்கத்து வீட்டுப் பையனும் தள்ளினால் நகர்ந்து நிற்கும் கார், நேற்றுவரை இருந்த கார் அல்ல.

அதன் பிறகு எஞ்சின். போரிங் செய்து இத்தனை ஆண்டுகள் சும்மா கிடந்த பிளாக்கின் சிலிண்டர் சுவர்களில் துரு ஏறியிருக்க வாய்ப்புண்டு. எண்ணெய் தொட்ட பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு, விரல் நகத்தை மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டவில்லையென்றால் கவலை இல்லை. தட்டினால் மறுபடி லேத்துக்குத்தான் போக வேண்டும். அளவு தெரியாமல் பிஸ்டனோ ரிங்கோ வாங்கிவிடாதீர்கள்.

ஸ்பேர் விஷயத்தில் சற்று அவசரம் காட்டுங்கள். உங்கள் டிலைட்டும் பிற்காலப் பத்மினியும் அடிப்படையில் ஒரே கார். அதே 1089 சி.சி. எஞ்சின். மும்பையில் பத்மினி டாக்சிகள் ஓடிய காலமெல்லாம் இந்த உதிரிப் பாகங்களுக்கு ஒரு சந்தை இருந்தது. கடைசிப் பத்மினி டாக்சி 2003 அக்டோபர் 29-இல் தார்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது, இருபது ஆண்டு வயது வரம்பின்படி 2023 அக்டோபர் 30-இலிருந்து அவை சாலையில் இல்லை. கடைக்காரர்கள் இனிப் புதிதாக வாங்கி வைக்க மாட்டார்கள் என்பதால், கேஸ்கட் செட், பிரேக் பாகங்கள், கிளட்ச், பெட்ரோல் பம்பு டயாஃப்ரம் ஆகியவற்றை முன்கூட்டியே சேர்த்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவிகிதம் வரை எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களைத் திரும்பவும் போடக் கூடாது.

அலுப்பின் உச்சத்தில் யாராவது மாருதி எஞ்சினைப் போட்டு ஓட்டச் சொல்வார்கள், கேட்காதீர்கள். முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த வாகனங்களை வின்டேஜ் வாகனங்களாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. எஞ்சின், சேசிஸ், பாடி ஆகியவை மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம் என்பதால், அப்பா ஓட்டிய எண் பலகையோடு உங்கள் கார் வெளியே வர வழி இருக்கிறது. அன்றாடப் பயணத்துக்கு அந்தப் பதிவு அனுமதி தராது. கண்காட்சி, ராலி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி ஒரு சொல். வேலையை நிறுத்தும்போது, அடுத்த வாரம் முதலில் செய்ய வேண்டியதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, அதற்கு வேண்டிய ஸ்பானரை அந்தத் தாளின் மேல் வைத்துவிட்டு மேலே போங்கள். 'இடது பின்சக்கரம், வீல் சிலிண்டர் ரப்பர்' என்ற அளவுக்கு எழுதினால் போதும். அடுத்த வாரம் உறையைத் தூக்கியதும் முழுக் காரைப் பார்ப்பதற்கு முன் அந்த ஸ்பானர் உங்கள் கண்ணில் பட வேண்டும். சொசைட்டிச் செயலாளரிடம் காகிதத்தில் விளக்கம் எழுதுவதைவிட, அவரைக் கீழே அழைத்துக் கார் நகர்வதைக் காட்டுங்கள்; பிரேக் வேலைக்கு எத்தனை வாரம் ஆகும் என்று ஒரு தேதியையும் கொடுங்கள். பாடி வேலையை அக்டோபருக்குப் பிறகு, மழை ஓய்ந்த காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பட்டறைக்கு முழுப்பணத்தை முன்பணமாகக் கொடுக்காமல், துரு நீக்கி எபாக்சி பிரைமர் அடிக்கும் வரை ஒரு தொகை, பட்டி முடிந்ததும் ஒரு தொகை என்று நிலைவாரியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. பம்பாயில் ஏபிஐ நிறுவனம் தயாரித்த பழைய லாம்பிரெட்டா ஸ்கூட்டர் ஒன்றை, முழுவதும் பிரித்த நிலையில், இரண்டு சாக்குகளில் வாங்கினேன். இரண்டு ஆண்டுகளாகச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. இணையத்தில் பளபளக்கும் வண்டிகளைப் பார்க்கப் பார்க்க, என்னால் ஆகாது என்றுதான் தோன்றுகிறது.
– வாசகர், தாராவி

பதில்: தம்பி, நீங்கள் அந்த ஸ்கூட்டரை முழு உருவில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. தான் பிரித்த வண்டியைக் கோப்பவனுக்கு எது எங்கே இருந்தது என்ற நினைவு கையில் தங்கியிருக்கும். உங்களுக்கு அது கிடையாது. பளபளப்பான படங்களை விட்டுவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் அழுக்கு லாம்பிரெட்டா ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதன் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு, பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றிவிட்டு, கேபிள் போகும் வழி முதல் ஸ்டாண்டு ஸ்பிரிங் மாட்டும் கொக்கி வரை நூறு படங்களாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சாக்குகளை அவிழ்த்து ஒரு பழைய போர்வையில் பரப்புங்கள். சாக்கில் வரும் வண்டிகளில் இரண்டு மாடல்களின் பாகங்கள் கலந்திருப்பது மிகச் சாதாரணம். எல்ஐ வரிசையின் முதல் மாடலில் ஹெட்லைட் முன்புறத் தகட்டில் நிலையாக இருக்கும். இரண்டாம் மாடலில் அது ஹேண்டில்பாரோடு சேர்ந்து திரும்பும். உங்களிடம் இருப்பது எது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டால், வாங்க வேண்டியவற்றின் பட்டியல் தானாகவே சுருங்கும். பெயின்ட் அடிப்பதற்கு முன் துருவோடும் அழுக்கோடும் முழு வண்டியையும் ஒருமுறை தளர்வாகக் கோத்துப் பாருங்கள். எந்த நட்டு இல்லை, எந்தத் தகடு வளைந்திருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். பெயின்ட் அடித்த பிறகு தெரிந்தால் செலவு இரட்டிப்பாகும். ஸ்கூட்டராக நிற்கும் அந்த உருவத்தைப் பார்த்த பின் நீங்கள் எனக்கு மறுபடி எழுதுங்கள், காத்திருப்பேன்.

கேள்வி: என் கணவர் தமது கல்லூரிக் கால எஸ்டி மோட்டார் சைக்கிளை நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரித்துப் போட்டார். பாகங்கள் பால்கனியில் செய்தித்தாளின் மேல் கிடக்கின்றன. எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டால் கோபம் வருகிறது. கேட்காவிட்டால் மௌனமாக இருக்கிறார். அவருக்கு ஊக்கம் வர நான் என்ன செய்யலாம்?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: சகோதரி, எப்போது என்ற கேள்வியில் குற்றம் சாட்டும் தொனி இல்லாவிட்டாலும் கேட்பவருக்கு அது அப்படித்தான் ஒலிக்கும், ஏனென்றால் அந்தக் கேள்வியை அவரே தம்மிடம் தினமும் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குப் பதிலாக, ஏதாவது ஒரு பாகத்தைக் கையில் எடுத்து இது என்ன செய்யும் என்று கேளுங்கள். மைசூரில் 1961 முதல் 1996 வரை ஜாவாவாகவும் எஸ்டியாகவும் தயாரான அந்த வண்டிகளில் கிக்கரும் கியர் லீவரும் ஒன்றே. உதைத்து ஸ்டார்ட் செய்த அதே லீவரை மடக்கிக் கியர் போடுவார்கள். அதை எப்படிச் செய்வது என்று காட்டச் சொல்லுங்கள். அவர் கை தானாகவே அடுத்த பாகத்துக்குப் போகும்.

அந்த எஞ்சின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு, கேம் எதுவும் கிடையாது. சும்மா கிடந்ததில் கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீல்கள் கண்டிப்பாக இறுகியிருக்கும். அவை காற்றை விட்டால் எஞ்சின் சரியாக ஸ்டார்ட் ஆகாது. அந்தச் சீல்களும் ஒரு கேஸ்கட் செட்டும் அவருடைய அடுத்த பிறந்தநாளுக்கு நல்ல பரிசாக இருக்கும். செய்தித்தாளை எடுத்துவிட்டு மூடியுள்ள டப்பாக்களையும் ஓர் அலமாரித் தட்டையும் கொடுங்கள். டேங்கில் பழைய பெட்ரோல் மிச்சமிருந்தால் மட்டும் இன்றே அவரிடம் சொல்லி அப்புறப்படுத்தச் செய்யுங்கள். வீட்டுக்குள் அது ஆபத்து.

கேள்வி: எனக்கு 74 வயது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பாதி முடித்த நிலையில் என் முழங்கால்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. விற்றுவிட நினைத்தால், கைவிட்டுவிட்டேனே என்று மனம் குற்றம் சாட்டுகிறது.
– வாசகர், முலுண்ட்

பதில்: ஐயா, தரையில் படுத்துச் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டு, மேசையில் உட்கார்ந்து செய்யும் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், மீட்டர் போன்ற வேலைகளை நீங்கள் வைத்துக்கொள்ள முடியுமா என்று முதலில் பாருங்கள். அதற்கும் இயலாவிட்டால் கொடுத்துவிடுவதே சரி என்று தயங்காமல் சொல்வேன். நீங்கள் துரு நீக்கிய சேசிஸும் தேடிச் சேர்த்த பாகங்களும் அடுத்தவரின் கையில் வேலையாகவே தொடரும்.

பாகம் பாகமாகப் பிரித்து விற்பவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். வாங்க வருபவர் முன்பு சீரமைத்த ஒரு வண்டியை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆர்.சி. புத்தகத்திலுள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்த்து, 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட்டுப் பெயர் மாற்றம் நடந்து முடியும் வரை விடாமல் தொடருங்கள். எல்லாவற்றுக்கும் முன், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, எந்த டப்பாவில் எது இருக்கிறது, எந்தப் போல்ட்டு எங்கே போகும், எதை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று நினைவில் உள்ளதையெல்லாம் எழுதுங்கள். உங்கள் கையெழுத்திலேயே எழுதி, காரின் சாவியோடு சேர்த்து அதை அவரிடம் கொடுங்கள்.